ஒரு தடத்துக்கு மட்டும் பனி

பனி விழுந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சாலையில் பழைய பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. அதன்மேல் சறுக்குவண்டிகள் சத்தமில்லாமல் ஓடின. பாலத்துக்குள் அப்படியில்லை. கூரை போட்ட பாலத்துக்குள் வானம் பனி போடாது, மனிதர்தான் போட வேண்டும். ஜனவரியில் தைர்சா அள்ளிக் கொட்டிப் பரப்பியதெல்லாம் தேய்ந்துபோய், தரைப்பலகை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஊர் நிர்வாகி லைமன் ஸ்டிக்னி வந்து, பாலத்தின் வாசலை ஒட்டியிருந்த வீலக் வீட்டுக் கதவைத் தட்டினார். தட்டிய தட்டிலேயே கோபம் தெரிந்தது.

"தைர்சா, நேத்து உன் பாலத்துல என் குதிரை நட்டநடுவுல நின்னுடுச்சும்மா. சறுக்குக்கட்டை பலகையில ஒட்டிக்கிச்சு. சர்ச்சுக்குப் போட்ட கோட்டோட இறங்கித் தள்ளினேன். என் வீட்டுக்காரி வண்டியில உக்காந்துக்கிட்டு தள்ளு தள்ளுங்கறா."

"அவங்களை இறங்கச் சொல்லியிருக்கலாமே," என்று உள்ளேயிருந்து ஐரா குரல் கொடுத்தான்.

"நீ வந்து சொல்லிப் பாரேன்."

ஐரா தைர்சாவின் தம்பி. பாலத்துக்குப் பனி போடும் வேலை அவன் பெயரில்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் வெட்டிய மரம் தோள்மேல் சாய்ந்ததில் எலும்பு முறிந்து, அடுப்பருகே கட்டோடு கிடந்தான். அன்றிலிருந்து மண்வாரியும் குதிரையும் தைர்சா கைக்கு வந்தன. முப்பத்தொரு வயதுப் பெண் பாலத்தில் பனி வாருகிறாளே என்று ஊர் நாலு நாள் பேசியது. ஐந்தாம் நாள் அவள் ஐராவைவிட நன்றாகப் பரப்புகிறாள் என்று பேசியது.

"வியாழக்கிழமைக்குள்ள ரெண்டு தடத்துக்கும் போட்டுடு," என்றார் லைமன். "அன்னிக்கு மலையிலேர்ந்து ஆல்வா பர்பேங்க் முழுச் சுமையோட ஸ்டேஷனுக்கு வரான். பலகையில மாட்டினான்னா ஊரே சேர்ந்து இழுக்கணும்."

"என்ன சுமை?" என்று கேட்டது ஐராதான்.

"தெரியாதா உனக்கு? நிலத்தை வித்துட்டான். மேற்கே டகோட்டாவுக்குக் குடிபோறான். அங்க மண்ணு கறுப்பா இருக்காம், ஒரு கல்லுகூட கிடையாதாம். கல்லு பொறுக்காம இந்த ஊர்க்காரன் எப்படிப் பொழுதைப் போக்குவான்னு தெரியல."

தைர்சா அடுப்பின் பக்கம் திரும்பி, கல்லில் கிடந்த கோதுமை அப்பத்தைப் புரட்டினாள். அது ஏற்கனவே புரட்டிய அப்பம். மறுபடி புரட்டினாள்.

"ஒரு தடத்துக்குத்தான் பனி இருக்கு," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

"ஒரு தடத்துக்கா?"

"ஆமா. போற தடத்துக்குப் போடறேன்."

"சுமை வர்றது வர்ற தடத்துலம்மா!"

"போற தடத்துல அடியில கொஞ்சம் பழைய பனி இருக்கு. அது மேல போட்டாத்தான் நிக்கும். வெறும் பலகையில போட்டா ரெண்டே நாள்ல போயிடும். வர்றவங்களும் போற தடத்துலயே வரட்டும்."

லைமன் அவளைப் பார்த்தார். தைர்சா வீலக் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி அவர் கேட்டதில்லை. மறுத்துச் சொல்ல வந்தது மறந்துபோய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பாலம் மற்றப் பாலங்களைப் போல ஒற்றைக் குகை அல்ல, பக்கம்பக்கமாக இரண்டு குகை. இருட்டில் ஒரு குதிரை இன்னொரு குதிரையை நேருக்கு நேர் பார்த்தால் மிரளும் என்று கட்டியவன் நம்பினான். அதனால் வெளிச்சுவர் இரண்டு போதாதென்று நடுவிலும் ஒரு சுவர் வைத்தான். மூன்றும் சாய்ந்த பலகைகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் போட்டு, மர ஆணி அடித்துப் பாய் பின்னுவதுபோலப் பின்னிய சுவர்கள். பின்னலின் ஓட்டைகள் சாய்சதுரமாக இருக்கும். நடுச்சுவரின் ஓட்டைகளையும் விடாமல் இரு பக்கமும் பலகை அடித்து மூடினான். ஒரு பாலத்தைச் சாக்கு வைத்து இரண்டு பாலத்து மரத்தை விற்றுவிட்டான் என்று ஊர் இன்னும் அவனைத் திட்டும். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தடம், ஊருக்குள் வருகிறவர்களுக்கு ஒரு தடம். இங்கே நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் சொல்வது அடுப்பைத் தொடாதே என்பது. அடுத்தது, மறு தடத்தில் கால் வைக்காதே என்பது.

ஏழு வருஷத்துக்கு முன் அந்தப் பாலம் சுங்கப் பாலமாக இருந்தது. தைர்சாவின் அப்பா ஊர்ப்பக்க வாசலில் உட்கார்ந்து சுங்கம் வாங்கினார். மலைமேல் கல்லோடு மல்லுக்கட்டும் ஆல்வாவுக்குப் பெண் கொடுப்பதற்கு ஆற்றில் தள்ளிவிடலாம் என்றார். அந்த மார்ச் மாதக் கடைசியில், ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து இடி இடியாக உருண்டுகொண்டிருந்த ஒரு முற்பகலில், தைர்சா துணிமூட்டையோடு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாலத்துக்குள் நுழைந்தாள். நடுப்பாலத்தில் சந்திப்பதாகப் பேச்சு. மலையைத் தாண்டி அடுத்த ஊர்ப் பாதிரியாரிடம் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு.

ஆல்வா வரவில்லை.

மதிய மணி அடித்ததும் அவள் மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பி உருளைக்கிழங்கு உரித்தாள். சாயங்காலம், மலைக்காரர்கள் யாராவது இன்றைக்கு வந்தார்களா என்று அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். ஒரு ஈ காக்காய் வரவில்லை என்றார் அப்பா. பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வராதவனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்கிற வீட்டில் அவள் பிறக்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஆல்வா நாலு மைல் சுற்றிக் கீழ்ப்பாலம் வழியாக ஊருக்கு வந்து போனான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டால் வலி குறையும் என்று பார்த்தாள். குறையவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்ததும் ஊர் பாலத்தை வாங்கிச் சுங்கத்தை நிறுத்தியது. ஓட்டை விழுந்த தரைக்கு ஒட்டுப்போட நடுச்சுவரின் பலகைகளை உரித்தெடுத்தார்கள். பின்னல் மட்டும் மிஞ்சியது. ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு வெளிச்சம் கட்டம் கட்டமாக விழுந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வெண்ணெய்ச் சட்டிகளோடு ஆல்வா பாலத்தில் வந்தான்.

"காலை வணக்கம், மிஸ் வீலக்."

"காலை வணக்கம், மிஸ்டர் பர்பேங்க்."

இரண்டு குளிர்காலமாக அவ்வளவுதான். சனிக்கிழமை அவன் வரும் நேரத்தில் அவளுக்கு எப்படியாவது மறு தடத்தில் ஒரு வேலை இருக்கும். ஒரு கட்டத்தில் தாடி, ஒரு கட்டத்தில் கையுறை, இன்னொன்றில் தூக்கிய தொப்பி. அவனை முழு ஆளாக ஒரே இடத்தில் பார்த்து ஏழு வருஷமாகிவிட்டது. தாடியில் நரை வந்திருக்கிறதா, அல்லது மூச்சு உறைந்த வெள்ளையா என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. கட்டம் கட்டமாகக் கிடைத்ததை ஒட்டிச் சேர்த்து அடுத்த சனிக்கிழமைவரை வைத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமைக்குப் பிறகு கட்டமும் இருக்காது.

ஒரே ஒரு கேள்வி. அதைப் பின்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க அவளால் முடியாது. இரண்டு வருஷம் முயன்று பார்த்தாயிற்று. குதிரை நிற்காது, அவன் தொப்பியைத் தூக்குவான், அதற்குள் அடுத்த கட்டம். எதிரும் புதிருமாக வண்டி நின்றால், நகர வழியில்லாமல் நின்றால், ஒருவேளை வாய் திறக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் களத்துக் கொட்டகையின் நிழலில் கிடந்த பனியை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போய்ப் போகும் தடத்தில் கொட்டினாள். மண்வாரியின் முதுகால் தட்டினாள். கையகலக் கனத்துக்கு மேல் போனால் பாலத்துக்குப் பாரம், குறைந்தால் குதிரை லாடம் பலகையைத் தொடும். முடித்துவிட்டு வந்தபோது ஐரா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மரம் அறுக்கிற மில்லுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கே?"

"அதுல மரத்தூள் கலந்திருக்கு."

"குதிரை அதைத் திங்கவா போகுது?"

அவள் பூட்ஸைக் கழற்றினாள்.

"சரி, எனக்கு என்ன தெரியும்," என்றான் ஐரா. "ஒத்தக் கையன்."

புதன்கிழமை பாலத்துக்குள் சந்தைக்கூச்சல். சிறு வயதிலிருந்து எதிர்வண்டி பார்த்தே பழகாத ஊர். ஒரே தடத்தில் இரண்டு பக்கமிருந்தும் நுழைந்துவிட்டு, நடுவில் குதிரை மூக்கும் குதிரை மூக்கும் இடிக்க நின்றார்கள். ஒற்றைத் தடப் பாலங்களில் ஒரு வழக்கம் உண்டு. காலி வண்டி பின்னால் போய்ச் சுமை வண்டிக்கு வழி விட வேண்டும். இவர்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர, கடைப்பிடித்ததில்லை.

"நான் தபால் கொண்டுட்டுப் போறேன். நீ பின்னால போ," என்றான் தபால் வண்டிக்கார ஜோத்தம்.

"தபாலா? மூணு கடுதாசி ஒரு சுமையா?" என்றார் எதிர்வண்டி ஈனோக். "என் வண்டியில என் பொண்டாட்டி இருக்கா. அவதான் சுமை."

"சுமையாம்ல," என்றாள் போர்வைக்குள்ளிருந்து ஃபீபி. "இருபது வருஷமா இந்த வீட்டுல சுமக்கறது யாருன்னு நடுப்பாலத்துல வச்சே பேசலாமா?"

ஜோத்தம் மறுபேச்சில்லாமல் வண்டியைப் பின்னால் தள்ளினான்.

தைர்சா மண்வாரியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். வழி விடுவது யார் என்பதை முடிவு செய்வது சுமைதான். நாளைக்கு ஆல்வா சுமையோடு வருவான். இவள் காலியாக நின்றால் இவள்தான் பின்னால் போக வேண்டும். எனவே காலியாக நிற்கக் கூடாது. இவ்வளவு கணக்கையும் அவள் முகம் சிவக்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மேற்கே வானம் ஈயம்போலக் கனத்தது. காற்று நின்றுவிட்டது. தைர்சா கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பத்தொன்பது நாள் வராத பனிக்கு இப்போதா நேரம் வந்தது என்று மனதுக்குள் வானத்தைத் திட்டினாள்.

வியாழன் விடியும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால்வரை வந்துவிட்டது. லைமன் ஸ்டிக்னி தொப்பியிலும் தோளிலும் பனியோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"கேட்டது கிடைச்சாச்சு தைர்சா! இனிமே சாக்கு இல்லை. ஆல்வா வர்றதுக்குள்ள அந்தத் தடத்துக்குப் போட்டுடு. ரெயில் பத்து மணிக்கு. நேத்து இங்க நடந்த கூத்து போதும், என் தலையைத் தின்னுட்டாங்க."

"சரி," என்றாள் தைர்சா.

வாசலில் கொட்டிய புதுப் பனியை வழித்து வண்டி நிறைய ஏற்றினாள். கிழட்டுக் குதிரையின் கழுத்தைத் தட்டினாள். பாலத்தின் வாய் இரண்டும் பக்கம்பக்கமாகத் திறந்து கிடந்தன. வர்ற தடத்தின் வாயருகே லைமன் நின்று, இதோ இங்கே என்று கைகாட்டினார். தைர்சா தலையைக் குனிந்துகொண்டு போற தடத்துக்குள் வண்டியை விட்டாள்.

"அம்மாடி, அது இல்லை! இந்தப் பக்கம்!"

அவள் திரும்பவில்லை.

"தைர்சா! உன்னைத்தான்!"

பாலத்துக்குள் சத்தம் வேறுமாதிரி. வெளியே பனி அடைத்துக்கொண்டதால் லைமனின் குரல் வாசலோடு நின்றுவிட்டது. நடுத்தூணுக்கு வந்ததும் குதிரையை நிறுத்தினாள். முன்னால் மறுவாசல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. கட்டம் நெடுநேரம் வெறுமையாகவே இருந்தது. அவன் கீழ்ப்பாலம் வழியாகப் போயிருந்தால்? ஐந்து வருஷம் போனவன்தானே. அதை அவள் யோசிக்கவே இல்லை.

அப்போது வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு குதிரை வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் இறங்கி, இரண்டு தடத்தின் தரையையும் குனிந்து பார்த்தான். ஒன்று வெறும் பலகை, ஒன்று பனி. மறுபடி ஏறி, பனி இருந்த தடத்துக்குள் வந்தான்.

வண்டியில் இரும்பு அடுப்பு, கலப்பை, கால் மேலாகக் கவிழ்த்த நாற்காலிகள், கயிறு போட்டுக் கட்டிய மரப்பெட்டி. ஒரு வீட்டை உரித்தால் இவ்வளவுதான் இருக்கும் போலிருந்தது. குதிரையின் மூச்சு அவள் குதிரையின் மூச்சைத் தொட்டதும் இரண்டும் நின்றன. எதுவும் மிரளவில்லை.

ஆல்வா தொப்பியைத் தூக்கினான். தாடியில் இருந்தது நரைதான்.

"காலை வணக்கம், மிஸ் வீலக்."

அவள் தலையை ஆட்டினாள்.

"நான் சுமையோட இருக்கேன்," என்றான் அவன், மன்னிப்புக் கேட்பதுபோல.

"நானும்தான்."

அவன் எட்டிப் பார்த்தான். "பனியா?"

"பனிதான்."

"அதை இங்கயே கொட்டிட்டா நீங்க காலி ஆயிடுவீங்க. இருங்க, நான் மண்வாரி பிடிக்கறேன்."

"வேண்டாம்."

அவன் இறங்கப் போனவன் பாதியில் நின்றான். மேலே கூரைமேல் பனி விழும் சத்தம்கூட இல்லை. கீழே ஆறு உறைந்து கிடந்தது. அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். இரண்டு குதிரைகளின் தலைகளையும் தாண்டி, மண்வாரியை விடாமல் பிடித்துக்கொண்டு, அவன் வண்டிப் பக்கம் வந்து நின்றாள். நடுவில் பின்னல் இல்லாமல் அவன் பெரிய ஆளாக இருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ரெயில் போயிடுமா?"

"அதைத்தான் கேக்கணும்னு நின்னீங்களா?"

"இல்லை." அவள் மண்வாரியின் பிடியைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு ஏன் வரலை?"

அவன் கடிவாள வாரைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

"நீதானே வரலை," என்றான்.

"நானா?"

"நீ உங்கப்பா பேச்சுக்கு அடங்கிட்டேன்னு நெனச்சேன். தப்பு சொல்லலை. எங்க வீட்டுல கல்லைத் தவிர என்ன இருந்துச்சு."

"நான் வந்தேன்!" அவள் குரல் பாலத்தில் எதிரொலித்தது. அவளுக்கே அது யாருடைய குரலோ போலிருந்தது. "மூட்டையை எடுத்துட்டு வந்தேன். இங்கதான் நின்னேன். இந்தத் தூணுக்குப் பக்கத்துல. மதிய மணி அடிக்கிற வரைக்கும்."

ஆல்வா வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினான். "இந்தத் தடத்துலயா?"

"பின்னே? மலைக்குப் போறவ எந்தத் தடத்துல நிப்பா? நீ ஊருக்குள்ள வந்து, வண்டியைத் திருப்பிக்கிட்டு இந்தப் பக்கமா வருவேன்னு நின்னேன்."

"திருப்பணும்னா சுங்கச்சாவடியைத் தாண்டி வரணும். உங்கப்பா உக்காந்திருப்பாரே."

"அதுக்குத்தான் நீ பயந்துட்டேன்னு நெனச்சேன். சாயங்காலம் அவர்கிட்டயே கேட்டேன். மலையிலேர்ந்து யாருமே வரலைன்னாரு."

அவளால் இப்போது நிறுத்த முடியவில்லை. ஏழு வருஷம் அடைத்து வைத்தது மடை திறந்த மாதிரி வந்தது.

"ஆறு போட்ட சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. ஆனா நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. பலகை அதிர்ந்துச்சு. ஒரு குதிரை காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருந்துச்சு. வந்தவன் போகவும் இல்லை, நகரவும் இல்லை. அப்பாதான் ஆளை விட்டுப் பாக்கச் சொல்லியிருக்காருன்னு பயந்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இருமல் வந்துச்சு, சால்வையை வாயில அடைச்சுக்கிட்டேன். பாழாப்போனவன் கடைசி வரைக்கும் அங்கயே நின்னான்."

ஆல்வா நடுச்சுவரின் பின்னலில் கைவைத்தான். ஒரு சாய்சதுரத்துக்குள் விரல்களை விட்டு, அந்தப் பக்கத்து வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ப்பக்க வாசலிலிருந்து லைமன் கூப்பிடும் சத்தம் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வந்த வழியாவே பின்னால தள்ளிக்கிட்டுப் போயிடலாம்னு அந்தத் தடத்துல நின்னேன்," என்றான். "இந்தப் பக்கம் யாரோ ஒளிஞ்சு நிக்கறாங்கன்னு எனக்கும் தெரிஞ்சுது. உங்கப்பா ஆளுன்னு நானும் வாயைத் திறக்கலை."

அவள் மண்வாரியைக் கீழே விட்டாள்.

"அந்தக் குதிரை என்னோடது, தைர்சா."